உத்தரமேரூர்ச் சாசனமும் உத்தியோக ஒழுக்கமும்

மக்களாய்ப் பிறந்தார் யாவர்க்கும் தொழில் ஒன்று இன்றியமையாதது. அத்தொழில் எத்தன்மைத்தாயினும், பிறர் பொருள் தம் கைப்படாமல் நடைபெறுவது அரிது. கடையிற் கல்லாப்பெட்டியருகே அமர்ந்திருப்பவனும், ஆலையிற் சரக்கு அளந்து கொடுப்பவனும், அரசாங்க உத்தியோக சாலையிற் கோப்பு எழுதுபவனும், சங்கத்தின் பொருளாளராக வீற்றிருப்பவரும் பிறர் பொருளைத் தம் கையில் ஏந்தி நிற்பவர்களே. அங்ஙனம் ஏந்தி நிற்குங்காலத்து அக்கை விரிந்து காணப்பட வேண்டுமா, மூடியிருத்தல் தகுமா என்பதே உத்தியோக ஒழுக்கத்தின் சாரமாகும்.

நேர்மையைப் பற்றிய உபதேசங்கள் இப்பத்திரிகையிற் பலமுறை வெளிவந்துள்ளன. அவற்றைக் குறை கூறுவது எம் கருத்தன்று. ஆயினும், உபதேசத்தாற் கேட்டவன் மனம் ஒரு நாள் இளகுமேயன்றி, அவன் கை ஆண்டு முழுவதும் தூயதாக நிற்கும் என்பதற்கு உறுதி யாது? நம் முன்னோர் இவ்வினாவை எழுப்பி, அதற்கு விடையும் கண்டு, அவ்விடையைக் கல்லிலே வெட்டி வைத்திருக்கின்றனர். அதனை நம் குலத்து இளைஞர்க்கும், அவர்களினும் மேலாக நம் குலத்துப் பெரியவர்கட்கும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இற்றைக் காஞ்சிபுரம் மாவட்டத்தில் உள்ளது உத்தரமேரூர். இக்காலத்தார் அதனை உத்திரமேரூர் என வழங்குவர். பல்லவர் காலந்தொட்டே நான்மறையாளர்க்குரிய பிரமதேயமாக, உத்தரமேருச் சதுர்வேதிமங்கலம் என்னும் பெயரால் அது விளங்கிற்று. அங்குள்ள வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவரில் முதற் பராந்தக சோழனுடைய 12-ஆம் ஆட்சியாண்டிலும் 14-ஆம் ஆட்சியாண்டிலும், அஃதாவது கி. பி. 919-இலும் 921-இலும் பொறிக்கப்பட்ட இரு சாசனங்கள் உள்ளன. ஊர்ச் சபையின் வாரியங்களுக்கு ஆள் தெரிந்தெடுக்கும் முறையை அவை உரைக்கின்றன. சரித்திர ஆசிரியர் கே. ஏ. நீலகண்ட சாஸ்திரியார் 1932-இல் வெளியிட்ட சோழர் ஆட்சி பற்றிய ஆராய்ச்சி நூலில் இவ்வூர்ச் சாசனங்களை விரிவாக ஆராய்ந்துள்ளார்.

குடவோலை முறை என்னும் பெயரால் இச்சாசனங்களைப் பள்ளிச் சிறாரும் அறிவர். பழந்தமிழ் நாட்டிலே தேர்தல் இருந்தது என்று மேடைதோறும் பெருமை பேசுவோரும் பலர். அப்பெருமை ஒருபுறம் நிற்க. யாம் சாசனத்தை ஊன்றிப் படித்தபோது எம் மனத்தைத் தொட்டது அதன் தேர்தல் முறை மட்டுமன்று. கணக்கைப் பற்றி அது கூறும் கடுஞ்சொற்களே ஆகும்.

அவ்வூர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. குடும்பு என்பது ஊரின் ஒரு பகுதி. இறை செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் உடையவனாய், தன் மனையிலே வீடு கட்டிக்கொண்டிருப்பவனாய், வேதம் வல்லவனாய் இருப்பவன் பெயரே ஓலையில் எழுதப்படும். கல்வி மிக்கவனாயின் அரைக்கால் வேலி நிலமும் போதும். வயது, முதற் சாசனத்தின்படி 30-க்கு மேல் 60-க்குள். இரண்டாவதன்படி 35-க்கு மேல் 70-க்குள். இவற்றோடு அர்த்த சௌசமும் ஆத்ம சௌசமும் வேண்டும் என்கிறது சாசனம். அர்த்த சௌசமாவது பொருள் ஈட்டிய வழியின் தூய்மை. ஆத்ம சௌசமாவது உள்ளத்தின் தூய்மை. உள்ளத் தூய்மையை மட்டும் கேட்டு நின்றுவிடாமல், உன் பொருள் எவ்வழியில் வந்தது என்றும் கேட்ட திறத்தை நோக்குக.

ஓலை எடுக்கும் முறையோ இன்னும் வியக்கத்தக்கது. சிறியோரும் பெரியோருமாகச் சபை முழுமையும் கூடும். ஊரிலுள்ள கோயில் நம்பிமார் யாவரும் சபை நடுவே இருப்பர். அவருள் முதியவர் ஒருவர் குடத்தை எல்லோரும் காணும்படி மேலே தூக்கிப் பிடிப்பார். உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத சிறுவன் ஒருவனைக் கொண்டு ஓலையை எடுப்பிப்பர். அவ்வோலையை வாங்கும் மத்தியஸ்தன் ஐந்து விரலும் அகல விரித்த உள்ளங்கையில் அதனை ஏற்றல் வேண்டும். ஏற்றவன் வாசித்தல் வேண்டும். அவன் வாசித்ததை அங்கிருக்கும் நம்பிமார் யாவரும் வாசித்தல் வேண்டும்.

ஐந்து விரலும் விரிதல் வேண்டும் என்று கல்லிலே வெட்டுவானேன்? மத்தியஸ்தன் கள்வன் என்று சபையார் கருதினரா? அன்று. அவன் நல்லவனே. ஆயினும், நல்லவன் கையும் மூடியிருந்தால் ஐயத்துக்கு இடமாகும். விரிந்திருந்தாலோ அவனுக்கும் காவல், ஊருக்கும் காவல். விதி என்பது தீயவனைப் பிடிக்கும் வலை மட்டுமன்று, நல்லவனைக் காக்கும் வேலியுமாம் என்பதை அச்சபையார் அறிந்திருந்தனர்.

இங்ஙனம் தெரிந்தெடுக்கப்பட்ட முப்பதின்மருள் கல்வியாலும் வயதாலும் முதிர்ந்து, முன்பு தோட்ட வாரியமும் ஏரி வாரியமும் செய்தவர்களாகிய பன்னிருவர் சம்வத்சர வாரியமாவர். மற்றுமொரு பன்னிருவர் தோட்ட வாரியம். எஞ்சிய அறுவர் ஏரி வாரியம். பொன் வாரியத்துக்கும் பஞ்சவார வாரியத்துக்கும் தனியே குடவோலை எடுக்கப்பட்டது. பதவிக் காலம் 360 நாள். இடையிலே குற்றம் காணப்பட்டால் அப்பொழுதே நீக்கப்படுவர். ஒருமுறை வாரியம் செய்தவர் மூன்றாண்டு கழியுமுன் மீண்டும் பெயர் கொடுத்தல் இயலாது. ஒரே கை நெடுங்காலம் ஒரு பெட்டியின்மேல் இருத்தலாகாது என்பதே இதன் கருத்து.

இனிக் கணக்கின் செய்திக்கு வருவோம். எந்த வாரியத்திலேனும் இருந்து கணக்குக் காட்டாது போனவர் பெயரை ஓலையில் எழுதலாகாது என்று இரண்டாம் சாசனம் விதிக்கின்றது. அத்தோடு நின்றதா? இல்லை. அவருடைய தந்தை, மகன், உடன்பிறந்தார், மாமன், மாமனார், மருமகன், மனைவியின் உடன்பிறந்தார், உடன்பிறந்தாள் கணவன், அவள் மக்கள், சிற்றன்னை பேரன்னை மக்கள், அத்தை மக்கள் என்று உறவுகளை ஒன்றொன்றாக எண்ணி, அவர்கள் பெயரையும் எழுதலாகாது என்று கூறுகின்றது. பிறர் பொருளைக் கவர்ந்தோரும் கள்ளக் கையெழுத்திட்டோரும் அவ்வாறே விலக்கப்பட்டனர்.

ஒருவன் கணக்குக் காட்டாமைக்கு அவன் மைத்துனன் என் செய்வான் என்று அன்பர்கள் வினவலாம். வினவுதல் முறையே. ஒருவன் செய்த குற்றத்துக்கு மற்றொருவனைத் தண்டித்தல் இக்கால நீதிக்கு ஒவ்வாது, ஒவ்வாமையே நன்று. ஆயினும், அவ்விதியின் உட்கருத்தை நாம் தள்ளிவிடுதல் கூடாது. வள்ளுவனார் தெரிந்து தெளிதல் என்னும் அதிகாரத்தில், சுற்றமில்லாதாரை நம்பிப் பொறுப்புக் கொடுத்தலைத் தவிர்க்கச் சொல்லி, அவர் பற்றில்லாதவர் ஆதலிற் பழிக்கு நாணமாட்டார் என்று காரணமும் காட்டினார். தஞ்சைப் பெருங்கோயிலை எடுப்பித்த முதல் இராசராசனும், அக்கோயிற் பண்டாரத்தைக் காக்க வருவோர் நிலமும் பொருளும் சுற்றமும் உடையவராதல் வேண்டும் என விதித்தான். ஒருவன் தவறினால் தலைகுனிவது அவன் சுற்றம். ஆதலின் அவனைத் தவறாமற் காக்க வேண்டியதும் அச்சுற்றமே. உத்தரமேரூரார் இதனையே சட்டமாக்கினர். கணக்குக் காட்டாதவனை முதன்முதல், ‘ஏன் காட்டவில்லை?’ என்று கேட்பவர் ஊரார் அல்லர். அவன் மாமனும் மைத்துனனுமே ஆவர். தம் பெயர் குடத்தில் விழுதல் வேண்டுமாயின் அவர்கள் கேட்டே தீர வேண்டும்.

கணக்கெழுதுவோனைப் பற்றியும் ஒரு விதி உண்டு. அவன் நல்வழியிற் பொருள் ஈட்டியவனாதல் வேண்டும். தான் எழுதிய கணக்கைப் பெருமக்களிடம் தானே காட்டித் தூயவன் எனப் பெயர் பெற்ற பின்னரன்றி மறுபடியும் கணக்கெழுதப் புகலாகாது. அவன் எழுதிய கணக்கை மற்றொருவன் புகுந்து முடித்தலும் ஆகாது. ‘அது முன்னிருந்தவர் எழுதியது, எனக்குத் தெரியாது’ என்று இன்று எத்தனை அலுவலகங்களிற் கேட்கின்றோம்! அச்சொல் அவ்வூரிற் செல்லாது.

அவ்வூரின் மற்றொரு சாசனம் பொன்னின் மாற்று உரைத்துப் பார்ப்போரைக் குறிக்கின்றது. மாற்று அறியாத மக்கள் ஏமாறாதிருக்கச் சபை இவர்களை அமர்த்திற்று. உரைகல்லிற் படியும் பொற்றுகளை மெழுகினால் ஒற்றியெடுப்பது வழக்கம். நாள்தோறும் ஒற்றிய மெழுகில் ஏறும் பொன் சிறிதேயாயினும் ஆண்டிறுதியிற் சிறிதன்று. அம்மெழுகு உரைப்பவர்க்கு உரியதன்று. ஏரி வாரியத்தாரிடம் ஒப்புவிக்கப்படல் வேண்டும் என்று சபை விதித்தது. பாகுபாடின்றி எல்லோர்க்கும் உரைத்துப் பார்த்தோம் என்று அவர்கள் சம்வத்சர வாரியத்தார் முன் ஆணையிட்டுக் கூறவும் வேண்டும். அவர்களுக்குச் சம்பளமும் உண்டு. சம்பளமும் கொடுத்து, துகளையும் கேட்டனர். ‘துகள்தானே, போகட்டும்’ என்று விட்டிருந்தால், துகள் உதிர வேண்டும் என்பதற்காகவே கை அழுத்தி உரைக்கும் வழக்கம் வந்திருக்கும். பெரிய களவுகள் யாவும் ‘போகட்டும்’ என்று விடப்பட்ட துகளிலிருந்தே தொடங்குகின்றன.

இவ்வளவும் கூறியதால் அக்காலத்தார் யாவரும் உத்தமர் என்று யாம் சொல்வதாக எண்ணற்க. கணக்குக் காட்டாதவன் ஒருவனும் இல்லாத ஊரில், கணக்குக் காட்டாதவனை விலக்கும் விதி எழுதப்பட்டிராது. 919-இல் செய்த ஏற்பாட்டை 921-இல் விரித்தும் திருத்தியும் மீண்டும் வெட்டுவித்தனர் எனில், இரண்டாண்டில் அவர்கள் கண்ட குறைகளே அதற்குக் காரணமாதல் வேண்டும். துஷ்டர் கெடவும் நல்லோர் வளரவும் இதனைச் செய்தோம் என்று சாசனமே நோக்கம் கூறுகின்றது. அவர்கள் நம்மைப் போன்ற மனிதரே. குறை கண்டபோது மூடி மறைக்காமல், விதியைத் திருத்திச் சுவரில் எழுதினர். அதுவே அவர் பெருமை.

இன்னொன்றும் மறைக்கலாகாது. அச்சபை நிலமுடைய அந்தணர்க்கே உரிய சபை. நிலமில்லாத உழவன் பெயரும், தறி நெய்தவன் பெயரும், எக்குலத்துப் பெண்ணின் பெயரும் அக்குடத்தில் விழுந்ததில்லை. நம் மரபினர் பெயரும் விழுந்திராது. ஆதலின் அதனைக் குடியாட்சியின் முழு உருவம் என்று கொண்டாடுதல் பொருந்தாது. அவர் அடைத்த வாயிலை நாம் கொள்ள வேண்டுவதில்லை. அவர் விரித்த கையை மட்டும் கொள்வோம்.

இக்கல்வெட்டு எமக்கே ஒரு காலத்தில் ஆசிரியராக நின்ற கதையையும் கூறிவிடுகின்றோம். சில ஆண்டுகளுக்கு முன் எம் பள்ளி மாணாக்கரை அழைத்துக்கொண்டு காஞ்சிக்கும் உத்தரமேரூருக்கும் சென்று வந்தோம். பணம் வசூலித்தவரும் யாமே, செலவிட்டவரும் யாமே. திரும்பிய பின்னர், வயதில் மூத்த கணக்காசிரியர் ஒருவர், “தமிழையா, பயணக் கணக்கை எழுதி வைத்துவிட்டீர்களா?” என்றார். எமக்குச் சினம் மூண்டது. “என்னை நம்பவில்லையா?” என்றோம். அவர் அமைதியாக, “நம்புவதால்தான் நேரே வந்து கேட்கிறேன். நம்பாதவனாயிருந்தால் உங்களிடம் கேட்காமல் ஊரெல்லாம் சொல்லியிருப்பேன்” என்றார்.

அன்றிரவு எழுதத் தொடங்கினோம். பேருந்து வாடகைக்கு ரசீது இருந்தது. உணவுக்குப் பாதி இருந்தது, பாதி இல்லை. எவ்வளவு கூட்டியும் 340 ரூபாய் எங்கே போயிற்று என்று விளங்கவில்லை. அதில் ஒரு காசும் யாம் எடுத்ததில்லை என்பதை எம் மனம் அறியும். ஆயினும், எம் மனம் அறிந்ததை அப்பெற்றோர்க்கு எவ்வாறு காட்டுவது? இரண்டு நாட்களுக்கு முன் அக்கோயிற் சுவரருகே நின்று, ‘கணக்குக் காட்டாதவர் பெயரை எழுதலாகாது’ என்று பிள்ளைகளுக்கு உரத்து விளக்கியவர் யாம். அச்சுவர் எம்மை நோக்கியே பேசிற்று என்பதை அன்றுதான் உணர்ந்தோம். அத்தொகையை எம் கையிலிருந்து வைத்து, கணக்கை எழுதிப் பள்ளிப் பலகையில் ஒட்டினோம். ‘காணாத தொகை 340’ என்றும் அதில் எழுதினோம். அதனை எழுதுகையிற் கை கூசிற்று; எழுதி முடித்த பின் உறக்கம் வந்தது. அன்று தொட்டு எம்மிடம் கணக்குக் கேட்பாரை யாம் பகைவராக எண்ணுவதில்லை.

நம் சங்கத்தார்க்குச் சொல்ல வேண்டியது இங்கேதான் இருக்கின்றது. நம் பிள்ளைகள் இன்று எல்லாத் துறைகளிலும் உத்தியோகம் பெற்றுள்ளனர். நம்மவன் ஒருவன் உயர்ந்த நாற்காலியில் அமர்ந்தால் மாலை சூட்டி மகிழ்கின்றோம். மகிழ்க. ஆனால் மறுவாரமே அவன் வாயிலிற் சென்று, ‘நம் பையனுக்கு முறை பாராமல் இதைச் செய்து கொடு’ என்று கேட்பவரும் நாமே. அவன் மறுத்தால், ‘குலத்தை மறந்தான்’ என்கின்றோம்; செய்து அகப்பட்டால், ‘நம் குலத்தான் என்பதால் பிடித்தார்கள்’ என்கின்றோம். உத்தரமேரூரில் சுற்றம் என்பது ஒருவனைத் தவறாமல் நிறுத்தும் கயிறாக இருந்தது. நம்மிடத்திலோ தவறியவனை மறைக்கும் போர்வையாக ஆகிவிட்டது.

சங்கக் காரியங்களிலும் இதுவே நிகழ்கின்றது. ஒரு கிளையில் உபகாரச் சம்பள நிதிக்குக் கணக்குக் கேட்ட இளைஞர் ஒருவரைக் குலத்துரோகி என்று சபையிலேயே ஏசினராம். அந்நிதியில் ஒரு காசு குறைந்ததோ இல்லையோ, அது யாம் அறிய வேண்டுவதன்று. கேட்டவனை ஏசிய அன்றே அந்நிதி தன் மதிப்பை இழந்தது. நிதி யாருடையது? கூலி வேலை செய்து கொடுத்தவர் உண்டு. மகள் கலியாணச் செலவிற் குறைத்துக் கொடுத்தவர் உண்டு. அவர்களே கேட்கக்கூடாதெனில் வேறு யார் கேட்பது? அரசாங்கத்தின் கோப்புகளையே எளிய குடிமகன் கேட்டுப் பெறலாம் என்று 2005-இல் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்தது. பரிதானம் பெறுவோரேயன்றிக் கொடுப்போரும் குற்றவாளிகள் என்று ஊழல் தடுப்புச் சட்டம் 2018-இல் திருத்தப்பட்டது. நிர்ப்பந்தத்தாற் கொடுத்தவர் 7 நாளுக்குள் அறிவிப்பாராயின் அவர்க்குக் காப்பும் உண்டு. நாடு இவ்வளவு தூரம் வந்திருக்க, நம் சங்கம் பின்தங்கி நிற்றல் தகுமா?

கணக்குக் கேட்போர்க்கும் ஒரு சொல் உண்டு. பாண்டி நாட்டு மானூரில் ஏறத்தாழ கி. பி. 800-இல் வெட்டப்பட்ட சாசனமொன்று, சபையிற் கொணரும் காரியம் ஒவ்வொன்றுக்கும் ‘அன்று அன்று’ என்று மறுத்துக்கொண்டே இருப்பார்க்கும் அவர்க்குத் துணை நிற்பார்க்கும் ஐந்து காசு தண்டம் விதிக்கின்றது. பகைமையாற் கேட்பது வேறு, பொறுப்பாற் கேட்பது வேறு. கேட்பவன் கணக்கைப் படிக்க வேண்டும். படித்துச் சரியாயிருந்தால், ‘சரி’ என்று அதே சபையிற் சொல்லவும் வேண்டும். அவ்வொரு சொல்லைப் பெறாமலே மனம் கசந்து ஒதுங்கிய நல்ல பொருளாளர்கள் நம்மிடையே உளர்.

ஆதலின் நாம் செய்யத்தக்கவை சிலவற்றை விண்ணப்பித்துக்கொள்கின்றோம். கிளைதோறும் வரவு செலவுக் கணக்கை ஆண்டுக்கொருமுறை எழுதி, யாவரும் காணும் இடத்தில் ஒட்டுக. ஒருவரே பொருளாளராகத் தொடராமல், காலவரையறை ஒன்று வைத்து மாற்றுக. கணக்குக் காட்டாதவர், எவ்வளவு பெரிய மனிதராயினும், காட்டும்வரை மேடையில் அமரற்க. அவருடைய சுற்றத்தாரே முதலில் அவரிடம் சென்று கேட்க. உத்தியோகத்தில் இருக்கும் நம்மவரிடம் முறையற்ற உதவி கேட்பதில்லை என்று பெரியவர்கள் முதலில் உறுதி கொள்க. முறையல்லாததை மறுத்ததால் துன்புற்ற பிள்ளை ஒருவன் நம்மிடையே உளனாயின், உயர்ந்த நாற்காலியில் அமர்ந்தவனுக்குச் சூட்டிய மாலையை அவனுக்கும் சூட்டுக.

முதன்முதல் வேலைக்குச் செல்லும் இளைஞர்க்கும் ஒன்று கூறி முடிக்கின்றோம். கணக்கு, ஓலையில் எழுதினும் கணிப்பொறியில் எழுதினும் கணக்கே. நீ எழுதியதை நீயே காட்டு, கேட்குமுன் காட்டு. மெழுகில் ஒட்டிய துகளும் உன்னுடையதன்று. உன்மேல் ஐயங்கொண்டு கேட்பவர் எதிரே நாணாது நிற்கும் வலிமை, விரித்த கைக்கே உண்டு. ஆயிரத்து நூறு ஆண்டுகட்கு முன் ஒரு மத்தியஸ்தன் ஊர் நடுவே ஐந்து விரலையும் அகல விரித்து நின்றான். அவன் கையைப் போல் நம்மவர் கைகளும் விரிந்து விளங்குக.